அமாவாசைப் பூசணிக்காய்

வில்லியனூர் கடைத்தெருவில் உலகநாதனின் ஹார்டுவேர்ஸ் கடை வாசலில் அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்காய் உடையும். உள்ளே குங்குமமும் சில்லறையும் திணித்து, கற்பூரம் ஏற்றிச் சுற்றி, ரோட்டில் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போய்விடுவார். அதில் வண்டி வழுக்கி எவன் விழுந்தாலும் அது அவன் தலையெழுத்து.

இந்த அமாவாசைக்கு அவர் கல்லாவில் உட்கார்ந்து நிமிர்வதற்குள் பூசணிக்காயும் கடைக்குள் வந்துவிட்டது. சிவப்புத் தண்ணீர் ஒழுக ஒழுக அத்தனை துண்டுகளும் குப்பை முறத்தில் இருந்தன. வாரிக்கொண்டு வந்தவன் அஸ்மி.

அஸ்மி இலங்கை புத்தளத்துக்காரன். தாய் இறந்ததும், சுல்தான்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஃபரீனா அவனை இங்கே அழைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்க்கும்போதே, "தம்பிக்கு ஆட்டிசம், மொதலாளி. சொன்னதச் சொன்ன மாதிரியே செய்வான். சத்தம் போட்டா மட்டும் தாங்கமாட்டான்" என்று சொல்லித்தான் விட்டாள். போன வாரம் வாசலில் சிந்திய ஆணி ஏறி யாருடைய டயரோ பஞ்சராகி, பெரிய சண்டையானது. அன்று அஸ்மியிடம் உலகநாதனே சொன்னார்: "வாசல்ல எது கெடந்தாலும் ஒடனே பெருக்கி உள்ள கொண்டாந்துடு. யாரையும் கேக்காத."

பக்கத்து அரிசிக்கடை நடேசன்தான் முதலில் கத்தினார். "இன்னா உலகநாதா, கழிச்சுப் போட்ட திருஷ்டிய வாரி உன் கடைக்குள்ளயே வெக்கிறான்! சிலோன்லேருந்து வந்த துலுக்கன், இன்னா சூனியம் கத்துக்கினு வந்தானோ!"

கூட்டம் சேர அதற்கு மேல் என்ன வேண்டும்? அஸ்மி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினான்.

"மூஞ்சப் பாத்துப் பேசறானா பாரு. திருட்டு முழி" என்றார் ஒருவர். "நடிக்கிறான்டா" என்றார் இன்னொருவர்.

அஸ்மி தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மொதலாளிதான் சொன்னாரு. வாசல்ல எது கெடந்தாலும் உள்ள கொண்டு வரச் சொன்னாரு."

எல்லோரும் உலகநாதனைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் தன் திருஷ்டியைத் தானே ஆள் வைத்து உள்ளே கொண்டுவந்தவர் என்று தெருவே சிரிக்குமே!

"நான் எப்படா சொன்னேன்? பொய் வேற சொல்றியா? இனிமே கடைப்பக்கம் வராத."

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி ஜெயா கேட்டாள்: "நீங்கதான சொன்னீங்க? அன்னிக்கி நானும் கடையிலதான இருந்தேன்."

மனிதர் கூனிக் குறுகிப் போனார். பொய் சொல்லவே தெரியாதவனை ஊர் முன்னால் பொய்யன் என்று சொல்லியாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் காலை முதல் வேலையாக சுல்தான்பேட்டைக்கு வண்டியை எடுத்தார். "நான்தான் சொன்னேன், தப்பு என்னுது" என்று வழிநெடுக முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்த ஃபரீனா அவரைப் பேசவே விடவில்லை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க மொதலாளி. நாங்களே வரணும் எண்டுதான் இருந்தோம். இந்த வேலையும் போனா இவன இந்த ஊர்ல யாரு சேப்பாங்க?" உள்ளே போய்த் தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். "சொல்லு."

அஸ்மி சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தான். "நீங்க அப்பிடிச் சொல்லல்ல. நான்தான் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க." பிறகு அக்காவிடம் திரும்பினான். "ஆனா ராத்தா, அவரு சொன்னாரு."

ஃபரீனா பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள். "அவனுக்கு வெளங்காது, மொதலாளி. மனசுல வெச்சுக்காதீங்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் உலகநாதனின் தொண்டை வரை வந்தன.

"சரி, வுடும்மா. நாளைக்கி கடைக்கி வரச் சொல்லு" என்றார்.

"பெரிய மனசு ஒங்களுக்கு" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதையும் வாங்கிக்கொண்டுதான் அவர் வண்டியைக் கிளப்பினார்.