தப்பாகச் சொல்ல ஒரு பிள்ளை

எங்கள் தலைமையாசிரியைக்கு எதுவும் இயல்பாக நடந்துவிடக் கூடாது. நடப்பதுபோல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆய்வுக்கு வரும் கல்வி அதிகாரி என் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்தால் என் வேலை நிரந்தரம். என் மாமியார் இத்தனை காலமாக உறவுக்காரர்களிடம் என்னை "டெம்பரரி டீச்சர்" என்றே அறிமுகப்படுத்துகிறார். மருமகள் பதவியும் அப்படித்தானோ என்று கேட்பவர்களுக்குச் சந்தேகம் வரும் தொனியில் சொல்வார். ஆகவே இந்த ஒரு வகுப்பு எனக்கு முக்கியம்.

பாடம், எளிய மின்சுற்று. ஒரு பேட்டரி, இரண்டு துண்டு ஒயர், ஒரு குட்டி பல்பு. சுற்று முழுமையாக இருந்தால் எரியும், எங்காவது விட்டுப்போனால் எரியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். தலைமையாசிரியைக்குத்தான் ஒரு வாரம் ஒத்திகை தேவைப்பட்டது.

யார் கை தூக்குவது, யார் ஆர்வம் பொங்க "ஏன் டீச்சர்?" என்று கேட்பது, எப்போது கைதட்டுவது, எல்லாம் முடிவாயிற்று. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் சரியாகச் சொன்னால் அதிகாரிக்குச் சந்தேகம் வந்துவிடுமாம்.

"ஒரு பிள்ளை தப்பா சொல்லணும். நீங்க அன்பா திருத்தணும். அதுலதான் விஷயமே இருக்கு," என்றார்.

அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை. கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி. அவள் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்து வகுப்பே வைத்த பெயர், முட்டை.

"அவளுக்குத் தப்பு தானா வரும்," என்றார் தலைமையாசிரியை, அவள் காதுபடவே. எனக்குச் சுருக்கென்றது. நிரந்தரமாகாதவளுக்குச் சுருக்கென்றால் யாருக்கு என்ன? ஒத்திகையைத் தொடர்ந்தேன்.

நான் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, "இப்ப பல்பு ஏன் எரியலை?" என்று கேட்க வேண்டும். முட்டை எழுந்து, "பல்பு ஃபியூஸ் போச்சு டீச்சர்," என்று தப்பாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கோரஸாக, "ஒயர் விட்டுப்போச்சு," என்று சரியாகச் சொல்ல வேண்டும். முட்டை அந்த ஒரு வரியை வாய்க்குள் முணுமுணுத்தபடியே திரிந்தாள். பாவம், பள்ளியில் அவளுக்கு யாரும் கொடுத்த முதல் பொறுப்பு அது.

அந்த நாளும் வந்தது. அதிகாரி பின்னால் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒயர்களை இணைத்தேன். பல்பு எரியவில்லை. அழுத்திப் பார்த்தேன், முறுக்கிப் பார்த்தேன், ஊஹூம். ஒவ்வொரு ஒத்திகையிலும் தலைமையாசிரியை கைதட்டலைச் சீர்படுத்தி முடிக்கும்வரை பல்பு எரிந்துகொண்டே இருந்ததே, பேட்டரி என்ன செய்யும்?

பிள்ளைகளுக்கு அந்தக் கவலையே இல்லை. "எரியுது டீச்சர்," என்று ஒரே குரலில் சொல்லித் தாளம் பிசகாமல் கைதட்டினார்கள். கதவருகே நின்ற தலைமையாசிரியையும் தட்டினார். சத்தம் கேட்டு அதிகாரி தலையை நிமிர்த்தி, "வெரி குட்," என்றார். அந்த அறையில் கண்ணால் கண்டது பொய்யாகி, காதால் கேட்டது மெய்யாகிவிட்டது.

இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. எனக்கும் ஆசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒயரைக் கழற்றினேன். "இப்ப பல்பு ஏன் எரியலை?"

முட்டை எழுந்தாள். பல்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டிய வரி எங்கோ போய்விட்டது.

"முன்னாடியும் எரியலையே டீச்சர். பேட்டரி தீர்ந்துபோச்சு."

தலைமையாசிரியை அசரவில்லை. முட்டை வாயிலிருந்து வந்தால் அது தப்பான பதில்தானே. "தப்பு. பரவால்ல, உக்காரு," என்று அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "சரியான பதில் என்ன?"

"ஒயர் விட்டுப்போச்சு," என்றது வகுப்பு. அதிகாரி எழுதக் குனிந்தார். முட்டை, தான் சொன்னது தப்பென்று ஒப்புக்கொண்டு தலையாட்டியபடி உட்கார்ந்தாள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவ சொன்னதுதான் சார் சரி," என்றேன். "இந்த பல்பு எரியவே இல்லை."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "அப்ப வேற பேட்டரி போடுங்க."

புதுப் பேட்டரிகள் தலைமையாசிரியையின் பீரோவில், பீரோ சாவி பத்திரமாக அவர் வீட்டில். கடைசி பெஞ்சிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "கடிகாரத்துல ஒண்ணு ஓடிட்டு இருக்கே டீச்சர்."

பெஞ்சின்மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். அதன் பேட்டரியைப் போட்டதும் பல்பு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை; இதற்கு ஒத்திகை நடக்கவில்லையே. எல்லாரும் மேசையைச் சுற்றி ஓடிவந்தார்கள். ஒயரைக் கழற்றினார்கள், மாட்டினார்கள், "நான், நான்" என்று முண்டியடித்தார்கள். மின்சுற்றுப் பாடம் அப்போதுதான் தொடங்கியது.

அதிகாரி எழுதிக் கொடுத்தார்: 'வகுப்பில் ஒழுங்கு இல்லை. கடிகாரம் ஓடவில்லை. மறுபார்வை அடுத்த மாதம்.' மாமியார் இந்தத் தடவை 'நிரந்தரம்' என்று உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுபடி ஒத்திகை. தலைமையாசிரியை நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார். "இந்தத் தடவை சொல்லிக் கொடுத்ததை மட்டும்தான் சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்."

முட்டை எழுந்து நின்றாள். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"வேற யாரையாவது வச்சுக்கோங்க மேடம். எனக்கு இதுல தப்பு வராது."