அஸருக்குப் பின் வற்றிய கடல்

"ஒரே பகலில ஆறு பேரைக் கொல்ல ஏலுமா புள்ள, உனக்கு?"

அஸ்கி மச்சான் இப்படிக் கேட்டபோது நுஸ்ஹா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மூத்த சகோதரி ராத்தாவின் புருஷன் அவர். கல்முனை பஸாரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கையில் இருந்தது நுஸ்ஹா கதை எழுதும் கொப்பி. அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்திருந்ததை ராத்தாதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

ஓ.எல். பரீட்சை வருடத்தில், வகுப்பின் முன்னால் நின்று பேச வாய் வராமல் அழுத அன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நுஸ்ஹா. அதற்குப் பிறகு மூன்று வருடமாகக் கொப்பிகளோடுதான் அவள் பேச்சு. மச்சான் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். அவள் எழுதிய ‘பாதாளக் கோட்டை’ விளையாட்டை அவளே கடையில் நடத்த வேண்டும். அந்தி மஃரிப் பாங்கு வரைக்கும் எழும்பி ஓடாமல் இருந்தால், இனிச் சனிக்கிழமை விளையாட்டு மேசை அவளுடையது. ஓடினால் உம்மாவின் ஏற்பாட்டுப்படி தையல் வகுப்பு.

விளையாட்டு இவ்வளவுதான். நடத்துகிறவர் கதையைச் சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பிழைப்பதா சாவதா என்பதை இருபது முக டைஸ் தீர்க்கும்; சின்ன எண் விழுந்தால் சாவு. பாங்கு வரைக்கும் ஒருவராவது உயிரோடு இருந்தால் வெற்றி அவர்களுக்கு.

காலையில் அவள் குரல், கொப்பியை மறைக்க முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்பைத் தாண்டவில்லை. பக்கத்தில் இருந்த ராத்தா தொடையில் கிள்ளிக் கிள்ளித்தான் பேச வைத்தாள். முதல் வீரன் நச்சுக் கிணற்றில் விழுந்து மேசையே சிரித்த பிறகு தொண்டை தானாகத் திறந்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு முதல் மூன்று பேரைக் கொன்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு, மேசையில் இருந்த ஒரே கிறிஸ்தவன் றொனியின் வீரன் கல்லுக்கடியில் நசுங்கினான்.

"ஜனாஸா எத்தின மணிக்கு மச்சான்?" என்று றொனியைக் கேட்டான் பஸால்.

"எங்கட ஆக்களுக்குப் பெட்டி அடிக்கணும். உங்களைப் போல கெதியா ஏலாது" என்றான் றொனி.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஆண்கள் வந்தபோது மிச்சம் இரண்டு பேர். ஒருவன் பஸால். மற்றவர் றிஸ்மி காக்கா. முப்பது வயதிருக்கும், தண்ணி மோட்டார் திருத்துகிறவர். அவள் தடுமாறிய போதெல்லாம், "ஆறுதலாச் சொல்லுங்க தங்கச்சி" என்று காத்திருந்தவர் அவர்தான். அவர் தோற்கக் கூடாது என்று அவளுக்குள் ஒரு ஆசைகூட வந்திருந்தது.

கடைசி அறையின் கதவு ஒரு கடற்கரையில் திறந்தது. நுஸ்ஹா கொப்பியைப் பார்த்து வாசித்தாள். கடல் பின்வாங்கிப் போகிறது. வெறும் மணலில் மீன்கள் துடிக்கின்றன. ஒரு சிறுவன் தங்கையின் கையில் பையைக் கொடுத்து, நீ பொறுக்கு, நான் இன்னொரு பை எடுத்திட்டு வாறன் என்று வீட்டுப் பக்கம் ஓடுகிறான்.

"சுனாமி. நான் தென்னையில ஏறுறன்" என்று பஸால் டைஸை உருட்டினான். இரண்டு விழுந்தது. அவன் தன் நெஞ்சில் அடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். றொனி கைதட்டினான். மச்சான் மட்டும் கவுண்டரில் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

றிஸ்மி காக்கா டைஸைக் கையில் மூடிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பை என்ன நிறம்?"

துப்புத் தேடுகிறார் என்று நினைத்தாள் நுஸ்ஹா. அதையும் எழுதி வைத்திருந்தது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"மஞ்சள். ஒரு காது அறுந்தது."

அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் அந்த அறை தன் கற்பனை இல்லை என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. போன நோன்பில் உம்மாவும் பக்கத்து வீட்டு ஷாஹினா மாமியும் கஞ்சிக்கு அரிசி புடைத்தபடி கதைத்ததை, அடுத்த அறையில் இருந்து அப்படியே எழுதியது. அந்தப் பொடியன் கல்முனையிலதான் இரிக்கான், கடலோட போன தங்கச்சியைப் பத்தி அண்டைக்கு அழுது சொன்னதோட சரி, இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரோடயும் கதைச்சதில்ல என்று மாமி சொன்னதும் கொப்பியில் இருந்தது. பேரை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. பேரில்லாத கதை எவருடையதும் இல்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எழும்பி ஓடினால் யாரும் பிழை சொல்லமாட்டார்கள். ராத்தா அவள் கையைப் பிடித்தாள். பாங்குக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"காக்கா" என்றாள், இருந்த இடத்தை விட்டு எழும்பாமலே. குரல் கடை முழுக்கக் கேட்டது. "உங்கட கதையெண்டு தெரியாது. ஒளிச்சிருந்து கேட்டு எழுதினன். எழுதினது பிழை."

பஸாலின் வாயில் சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்கும் இப்போதுதான் விளங்கியது.

றிஸ்மி காக்கா டைஸை மெதுவாக மேசையில் வைத்தார், எந்த முகம் மேலே வரவேண்டும் என்ற யோசனை இல்லாமல். எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளினார். வாசலில் செருப்பை மாட்டினார். மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து, தள்ளிக்கொண்டே பஸார் வழியாக நடந்து போனார்.