முதலில் டெரிட்டோரியல்

விழுப்புரத்தில் மாலை வகுப்பு முடிந்து திண்டிவனம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அன்றைய விஷயங்களை டைரியில் எழுதிவிடுவேன். பஸ் குலுங்கி எழுத்து கோணலாகிவிட்டால் வீட்டில் ஒருமுறை திருத்தி எழுதுவேன். இந்த விஷயத்தை மட்டும் எத்தனை முறை திருத்தினாலும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிகிறேன். அதனால் இந்தமுறை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வகுப்புக்கு வருகிற எல்லாருமே ராணுவத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். பகலில் நான் திண்டிவனத்தில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறேன். முழுநேர ராணுவத்துக்கு வயது வரம்பு உண்டு. இந்த மார்ச்சுக்குள் விண்ணப்பம் போடாவிட்டால் எனக்கு அந்தக் கதவு மூடிவிடும் என்ற நிலை. டெரிட்டோரியல் ஆர்மி அப்படியில்லை. சேர்ந்து பயிற்சி முடித்துவிட்டால் வருடத்தில் இரண்டு மாதம் சீருடை, மற்ற மாதங்களில் வீடும் பழைய வேலையும். தேவை வந்தால் கூப்பிடுவார்கள். வயதும் நாற்பத்திரண்டு வரை தாங்கும்.

நான் முதலில் டெரிட்டோரியலுக்குப் போவது என்று முடிவு செய்தேன். காரணம் அப்பா. லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்தான் கூட்டிப்போகிறேன். அம்மாவுக்கு மல்லாட்டை மண்டியில் கடலை பொறுக்குகிற வேலை. இரண்டு மாதம் என்றால் அவள் எப்படியாவது சமாளித்துவிடுவாள். வருடம் முழுக்க என்றால் முடியாது. டைரியில் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் காரணங்களை எழுதிப் பார்த்தேன். டெரிட்டோரியல் பக்கம்தான் நீளமாக வந்தது. இன்னொரு காரணமும் இருந்தது, அதை எழுதவில்லை. முழுநேரம் தாங்குகிற ஆள்தானா நான் என்று எனக்கே சந்தேகம்.

ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் முகம்மது ஆசிப் என் அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தான். கோட்டக்குப்பத்துக்காரன். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கட்டிலின் காலடியில் நின்றோம்.

"இன்னாடா திரு, டெரிட்டோரியலுக்கா பேர் குடுத்த? ரெண்டு மாசம் துப்பாக்கி, பத்து மாசம் ஸ்பார்க் பிளக்கா?"

"முதல்ல இதுல சேந்துக்கறேன். அப்புறம் ஃபுல் டைம் போயிக்கலாம்."

"அப்புறம்னா எப்போ? மார்ச்சோட உனுக்கு வயசு தாண்டிப் பூடும். அதுக்குள்ள இங்க இன்னா மாறப் போவுது?"

கேட்டுவிட்டு அவன் கட்டிலைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு வேலை மாறும், சித்தப்பா வருவார், எதையாவது. "வா, டீ சாப்டலாம்" என்று அவனை வெளியே கூட்டிப்போனேன்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கையில் அப்பா சொன்னார்: "உன் சிநேகிதன் நல்லா கேக்கறான்டா கேள்வி."

"எந்தக் கேள்விப்பா?"

"ஒண்ணுமில்ல. ஜல்தியா ஏறு, சீட்டு பூடும்."

கோயம்புத்தூரில் டெரிட்டோரியல் ஆள் எடுப்பு நவம்பரில் நடந்தது. நான் கிளம்பிய அன்றுதான் பனமலையிலிருந்து கெங்கம்மாள் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பது அவள் வழக்கம். எப்போது வந்தாலும் தன் கொல்லையிலிருந்து ஒரு குலை இளநீர் கொண்டுவருவாள். டயாலிசிஸ் ஆட்களுக்கு இளநீர் ஆகாது. அதிலிருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும் என்று நர்ஸ் முதல் நாளே சொல்லியிருந்தார். அத்தையிடம் சொன்னால், "காய்ச்சல் வந்தவனுக்கே குடுக்கறது, இதுல இன்னா கெடுதல்? ஒடம்புக்குக் குளிர்ச்சிடா" என்பாள். அதனால் சண்டை போடாமல் வாங்கிவைத்துக்கொண்டு, அவள் கிளம்பியதும் குலையோடு ஆட்டோ ஸ்டாண்டில் கொடுத்துவிடுவேன். அங்கே இருப்பவர்கள் எல்லாம் அப்பாவின் பழைய கூட்டாளிகள். "அப்பாதுரை அண்ணன் கோட்டா வந்துச்சா?" என்று கேட்டு வெட்டிக் குடிப்பார்கள். அப்பாவும் அதைக் கேட்டுச் சிரிப்பார்.

அந்தமுறை குலையை எடுத்துப் போக நான் இல்லை. அம்மா மண்டிக்குப் போயிருந்தாள்.

கோயம்புத்தூரில் நன்றாக ஓடினேன். முதல் கூட்டத்திலேயே வந்தேன். கடைசிச் சுற்றில் கால் தளராததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். ஓடி முடித்துப் புல்லில் உட்கார்ந்தபோது, முழுநேரத்துக்கும் நான் ஆவேன் போலிருக்கிறதே என்று முதல்முறையாகத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ரயிலேறினேன். விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கியதும் அம்மாவின் போன்.

"வூட்டுக்கு வராத. நேரா முண்டியம்பாக்கம் வா."

அவசரப் பிரிவு வாசலில் அத்தை தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "தெம்பா இருக்கும்னுதான்டா ஒண்ணு வெட்டிக் குடுத்தேன். இன்னொண்ணு வெட்டு, இன்னொண்ணு வெட்டுன்னு அவன்தான்டா கேட்டு வாங்கிக் குடிச்சான். ஆசையா கேக்கறானேன்னு குடுத்தேன். என் தம்பிய நானே..." அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

அப்பா பிழைத்தார். சரியான நேரத்தில் மெஷினில் போட்டதால்தான் என்று டாக்டர் சொன்னார். வார்டுக்கு மாற்றிய பிறகு நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"ஆகாதுன்னு தெரியாதாப்பா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவர் என்னைப் பார்க்காமல் பேசினார். "மார்ச்சுக்குள்ள முடிச்சிக் குடுத்துடலாம்னு பாத்தேன்டா. நீ நல்ல புள்ள. வாய் தெறந்து கேக்க மாட்ட."

டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்த அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தைத் தொட்டால் கிரைண்டர் ஓடும்போது மேடை அதிர்வது மாதிரி உள்ளே அதிர்ந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை. 'நான் அப்படி நினைக்கவே இல்லைப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நான் அவர் சாவுக்குக் காத்திருந்தேனா? அன்று டைரியில் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். முதலில் டெரிட்டோரியல், அப்புறம் முழுநேரம் என்று நான் போட்ட கணக்கில் நடுவில் ஒன்று நடந்தாக வேண்டும். அது என்ன என்று நான் பார்க்கவில்லை. ஆசிப் பார்த்தான். அப்பாவும் பார்த்துவிட்டார்.

ஜனவரியில் டெரிட்டோரியல் முடிவு வந்தது. தேர்வாகியிருந்தேன். ஜூனில் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பிப்ரவரியில் முழுநேர விண்ணப்பம் திறந்தது. ஆசிப் போட்டுவிட்டான். "டேய், கோயம்புத்தூர்ல ஓடுன ஓட்டத்துக்கு உன்ன வுட மாட்டானுங்க. போட்டுத் தொலைடா" என்று வகுப்பில் தினமும் நச்சரித்தான். அம்மா, "நான் பாத்துக்கறேன், நீ போடு" என்றாள். அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டார்: "போட்டியா?"

"நாளைக்குப்பா."

கடைசித் தேதியன்று கடையில் உட்கார்ந்து போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் போட்டேன், ஊர் போட்டேன். அடுத்த கட்டத்தில் தந்தை பெயர் கேட்டது. அப்பாதுரை என்று எழுதிவிட்டு அப்படியே வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் பிரேக் ஷூ கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போன் அணைந்துவிட்டது. நான் திரும்பத் திறக்கவில்லை.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். "போடலப்பா. அப்புறம்னு எதுவும் கெடையாது. எனக்கு டெரிட்டோரியலே போதும்."

இதைக் கேட்டால் அவருக்கு மனசு லேசாகும் என்று நினைத்திருந்தேன். பலமுறை யோசித்துத்தான் இப்படி நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இருக்கவும் வுட மாட்ட, போவவும் வுட மாட்ட. பேஜாரு புடிச்ச புள்ளடா நீ" என்றார். அன்று சாப்பிடவில்லை. அம்மா தட்டோடு நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அதன்பிறகு அவர் என்னோடு ராணுவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இளநீரும் தொடுவதில்லை. அத்தை இப்போது வருவதே இல்லை.

நேற்று செவ்வாய். அப்பாவின் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். காணையைச் சேர்ந்த பெரியசாமி, கரும்பு விவசாயி. முதல் டயாலிசிஸ், அதனால் பயத்தில் பேசிக்கொண்டே இருந்தார். தண்ணி எவ்வளவு குடிக்கலாம், ஊசி வலிக்குமா என்று அப்பாவிடம் எல்லாம் கேட்டார். கடைசியில் என்னைக் காட்டி, "பையன் இன்னா பண்றாப்ல?" என்றார்.

"மிலிட்டரி" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்படியா! எந்தப் பக்கம்?"

"காஷ்மீர் பக்கம். லீவுல வந்துகிறான். எனுக்கு ஊசி குத்தற அன்னிக்கெல்லாம் கூடவே வந்துடறான்."

"குடுத்து வச்சவருங்க நீங்க. எம்மவன் சென்னையில இருந்துகினு எட்டிப் பாக்கல." பெரியசாமி என் பக்கம் திரும்பினார். "எப்போ தம்பி திரும்பிப் போவணும்?"

அப்பா மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெரிட்டோரியல்தான், ஜூனில்தான் பயிற்சியே என்று நான் சொல்லியிருந்தால் அதுதான் உண்மை.

"லீவ நீட்டிச்சிக் குடுத்துருக்காங்கய்யா" என்றேன்.

"நல்ல ஆபீசர் போல."

"ஆமா" என்றார் அப்பா. "எவ்ளோ நாளைக்குன்னுதான் சொல்லல."