பாலைவன ரோஜாவுக்கு ஊற்றிய தண்ணீர்

காலை ஏழரைக்குப் பக்கத்து வீட்டு விமலன் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியதும் லோகேஸ்வரி வாளியோடு வெளியே வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அதன்மேல் எக்கி, அவனுடைய பாலைவன ரோஜாக்களின் அடியில் வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். பார்த்தவர்கள் இவளுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்திருப்பார்கள். அவளோ அந்தச் செடிகளைக் கொல்லத்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் வரை கிள்ளான் நகரின் அந்தத் தெருவிலேயே அவள் வீட்டு முன்னால்தான் மல்லிகை மணக்கும். சாலையோரத்தில் பந்தல் போட்டு, காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுவாள். பாதித் தண்ணீர் கால்வாயில் ஓடும். விமலன் அதைப் படம் பிடித்து நகராண்மை மன்றத்துக்கு அனுப்பிவிட்டான். லோரியில் வந்தவர்கள், சாலையோரத்தில் பந்தல் போடக்கூடாது என்று எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். பத்து வருஷத்துக் கொடி! 'இவன் வயிறு எரியாமல் விடமாட்டேன்' என்று அன்றே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பிறகு அந்த மகராசனே தோட்டம் போட்டான். தன் வீட்டுப் புல்லைக் கொத்தி எடுத்து, மண்ணோடு மணலும் சரளையும் கலந்து மேடாக்கினான். பாலைவன ரோஜா, கற்றாழை, காகிதப்பூ என்று வெயிலைத் தாங்கிப் பல வருஷம் நிற்கும் செடிகளாகப் பார்த்து, இடைவெளி விட்டு நட்டான்.

"பத்து நாளைக்கு ஒரு தடவ தண்ணி விட்டா போதும்க்கா" என்று சுவர் வழியாக அவளிடமே பெருமை பேசினான்.

லோகேஸ்வரி நேரே பக்கத்து ஊரான பந்திங்கில் இருக்கும் செடி நர்சரிக்குப் போனாள். "பாலைவன ரோஜா எதுல சாகும் பாஸ்?" என்று கடைக்காரரிடம் கேட்டாள்.

"வெயில்ல சாகாதுக்கா. தெனம் தண்ணி ஊத்துனா அடித்தண்டு அழுகிடும்லா. மூணு வாரம் போதும்."

ஊற்றத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில் தண்ணீர் வெட்டு வந்தது. மூன்று நாள் என்று அறிவித்தார்கள். வீட்டில் இரண்டு நீல டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் கணவர் நாகையாவுக்குச் சர்க்கரை வியாதி. காலில் ஆறாத புண். "ரெண்டு வேளையும் கழுவிக் கட்டணும் ஆன்டி, இல்லன்னா வெரல் போயிடும்" என்று கிளினிக்கில் கட்டுப் போடும் மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மூன்று நாள் ஆறு நாளாக நீண்டது. தண்ணீர் லோரி ஒரே ஒரு முறைதான் வந்தது. ஆனால் காலை வாளி மட்டும் நிற்கவில்லை. செடிகளில் இலை மஞ்சளாவதைக் கண்ணால் பார்த்தபின் அவளால் எப்படி நிறுத்த முடியும்? தன் குளியலை விட்டாள். பாத்திரங்களைத் துடைத்தே வைத்தாள். கடைசியில் நாகையாவின் காலையும் ஒரு வேளைதான் கழுவினாள்.

ஆறாம் நாள் காலை, காலி வாளியோடு அவள் உள்ளே வந்தபோது நாகையா கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நாற்றம் வாசல்வரை வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"லோகா, கொஞ்சம் தண்ணி கொண்டா."

இரண்டு டிரம்மும் காலி. அவள் வெளியே ஓடினாள். ஒரு வருஷமாகப் பெயர் சொல்லாத வாயால், "விமலா! கொஞ்சம் தண்ணி குடுப்பா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

தெருமுனை வரைதான் போயிருந்த விமலன், அலறல் கேட்டு ஓடிவந்து, தன் மழைநீர்த் தொட்டியிலிருந்து இரண்டு வாளி கொண்டு வந்தான். புண்ணைப் பார்த்ததும் கழுவக்கூட நிற்காமல், நாகையாவைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

அன்று பிற்பகலே சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் கட்டிலோரம் லோகேஸ்வரி தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். தான் செய்ததைக் கணவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதிருந்தாள். பார்க்க வந்த விமலன் உட்காராமல் நின்றான்.

"எனக்கு மொதல்லயே தெரியும்ணே. வீட்டு கேமராவுல பாத்தேன். தண்ணி வெட்டு வந்தப்பவும் ஊத்துனாங்க. நல்லா ஊத்தட்டும், அவங்க டிரம்தான காலியாகுதுன்னு பேசாம இருந்துட்டேன். செடி போனா வேற வெச்சுக்கலாம்னு நெனச்சேன். ஒங்க காலு இப்படி இருக்குன்னு தெரியாதுண்ணே."

நாகையா கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இருவரையும் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை. கோபம் மட்டும் கண்ணில் தெரிந்தது.

"கொடிய புடுங்குன கோவத்துல இவ ஊத்துனா. செடிய அழிக்கிறாளேங்கிற கோவத்துல நீ வேடிக்க பாத்த. யாராச்சும் ஒருத்தர் செவுத்துக்கிட்ட நின்னு நாலு வார்த்த பேசியிருந்தா என் வெரல் இருந்திருக்கும். ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்குங்க. பழி வாங்குறதுக்குன்னு தனியா தண்ணி வராது. வீட்டுல உள்ளவங்களுக்கு வெச்சிருக்கிற தண்ணியத்தான் எடுத்து ஊத்தணும்."