மேல் வீட்டுப் பத்திரம்

வரிசையில் பதினொன்றாவது ஆள் என்று போன் சொன்னது. ஹேசல் சட்கிளிஃப் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருடைய உயிலோ ஒன்றின் பக்கங்களை அடுக்கி, ஓரத்தில் துளையிட்டு, பச்சை நாடா கோத்து முடிச்சுப் போட்டாள். மதிய இடைவேளை என்று பெயர். சீஸ் சாண்ட்விச் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. அதே பியானோ இசை நான்காம் முறை ஓடி முடிந்தபோது ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம், ஜெம்மா பேசறேன். ஃபைல் நம்பர் சொல்றீங்களா?"

"போன வாரம் ஜோயல்னு ஒருத்தர் பார்த்துட்டிருந்தாரே?"

"அவரு வேற டீமுக்குப் போயிட்டாரு மேடம். இனிமே நான்தான். ஒரு நிமிஷம்... நீங்க வாங்கற வீட்டுக்குக் கீழ இன்னொரு வீடு இருக்குன்னு போட்டிருக்கே. அப்போ இது பிளாட்டா?"

"பிளாட் இல்லம்மா. எங்க ஊரு மலைச்சரிவு. மேல் தெருவுலேர்ந்து நுழைஞ்சா எங்க வீடு. பின்னாடி, கீழ் தெருவுலேர்ந்து நுழைஞ்சா, எங்களுக்கு அடியில இருக்கறவங்க வீடு. ரெண்டும் தனித்தனி சொத்து, தனித்தனி பத்திரம்."

"அப்போ உங்க வீட்டு நிலம் எங்க இருக்கு?"

"எங்க தரைதான் அவங்க கூரை."

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று.

இதையே ஜோயலுக்கும், அவனுக்கு முன்னால் இருந்த பிரியோனிக்கும் சொல்லித் தொண்டை வறண்டாயிற்று. இங்கிலாந்தின் வடக்கே, அவர்கள் ஊரான டாட்மர்டனில் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் வீடுகள் ஏராளம். அவற்றில் பல கைமாறியபோது பத்திரம் தட்டச்சு செய்தவள் ஹேசல். ஆக்ராய்ட் வக்கீல் ஆபீசில் முப்பத்தொரு வருஷமாகக் குமாஸ்தா. கூரை ஒழுகினால் மேல் வீட்டுக்காரர் எவ்வளவு போட வேண்டும், கீழ் வீட்டுக்காரர் எவ்வளவு என்ற ஷரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவளும் டெரக்கும் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீடு அது. சொந்தக்காரர் இறந்ததும் அவர் மகன் விற்க முடிவெடுத்தான். நல்ல மனுஷன்தான், குறை சொல்ல முடியாது. அக்டோபர் முப்பதுக்குள் பத்திரம் முடிந்தால் உங்களுக்கு, இல்லாவிட்டால் நவம்பர் ஏலத்துக்கு என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். டெரக் பிஸ்கட் ஃபேக்டரியில் மாவு மூட்டை தூக்குகிறவன். ஹேசலுக்கு ஐம்பத்தெட்டு. மூன்று பேங்குகள் வயதைப் பார்த்ததுமே கையை விரித்தன. நாலாவது பேங்க் சரி என்றது. அன்றைக்கு இருவரும் மீனும் சிப்ஸும் வாங்கிவந்து, தட்டில்கூட எடுத்து வைக்காமல் பொட்டலக் காகிதத்தில் வைத்தபடியே தின்றார்கள்.

மூன்றாம் வாரம் அந்த பேங்கிலிருந்து கடிதம் வந்தது. தாங்கள் குறிப்பிட்டிருக்கும் வக்கீல் எங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ள ஒருவரை நியமித்துக்கொள்ளவும்.

வீடு வாங்கவென்று யார் படியேறி வந்தாலும் ஹேசல் கேட்கும் முதல் கேள்வி, "எந்த பேங்க்?" தங்கள் ஆபீஸ் அந்த பேங்கின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியைக் காட்டுவாள். தன் வீடு என்று வந்தபோது அவளைக் கேட்க எதிரில் யாருமில்லை. அவளுக்கும் தோன்றவில்லை. குறைவான ஃபைல்கள் பார்க்கும் சின்ன ஆபீஸ்களை அந்த பேங்க் ஏப்ரல் மாதமே கழித்துக்கட்டியிருந்தது. தகவல் வந்த மின்னஞ்சல், சோபா விளம்பரங்களுக்கு நடுவே திறக்கப்படாமல் கிடந்தது. அவளுக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

"உன் தப்பு என்னம்மா இதுல?" என்றார் ஆக்ராய்ட். எழுபதைத் தாண்டியவர். அந்தக் கடிதத்தை மூக்குக்கண்ணாடியோடும், கண்ணாடி இல்லாமலும் படித்துப் பார்த்திருந்தார். "இத்தன வருஷத்துல நான் பார்த்த ஒரு பத்திரமாவது கோர்ட்டுக்குப் போயிருக்கா?"

"அது அவங்களுக்கு வேண்டாம் சார். எத்தன ஃபைல்னுதான் பார்க்கறாங்க."

அப்படித்தான் வேலை, பட்டியலில் இருந்த, தெற்கே ஏதோ ஒரு நகரத்தின் பெரிய வக்கீல் கம்பெனிக்குப் போயிற்று. ஜெம்மா கெட்டவளில்லை. ஒரே சமயத்தில் நூற்றிருபது ஃபைல்களைக் கட்டி மேய்க்கிறாளாம். பாவம், அவளுக்கும் மதியச் சாப்பாடு இப்படித்தான் காய்ந்துகொண்டிருக்கும் என்று ஹேசலுக்குத் தோன்றும். பக்கத்து வரிசை வீடு ஒன்றின் பதிவான பத்திரத்தை மாதிரிக்காக அனுப்பி வைத்தாள். வாடிக்கையாளர் அனுப்பும் மாதிரிகளை ஏற்பதில்லை என்று பதில் வந்தது, கையெழுத்தில்லாமல்.

அக்டோபர் இருபத்துநாலாம் தேதி ஜெம்மாவே கூப்பிட்டாள்.

"மேடம், இந்த மாதிரி வீட்டுக்குக் கடன் குடுக்கலாமான்னு பேங்க்கையே கேட்டிருக்கோம். பதில் வரப் பத்து வேலை நாள் ஆகும்."

"எங்களுக்கு இருக்கறதே ஆறு நாள்தாம்மா."

"தெரியும் மேடம். நோட்ல போட்டிருக்கேன்."

அன்று சாயங்காலம் டெரக் பூட்ஸைக் கழற்றாமலேயே சமையலறையில் உட்கார்ந்திருந்தான். மாவு புருவத்தில்கூட ஒட்டியிருந்தது.

"நீயே எழுதற பத்திரத்துக்கு அந்தப் பொண்ணுகிட்ட எதுக்குக் கெஞ்சற?" என்றான். பிறகு, "பேசாம கீழ் வீட்டுக்காரன்கிட்ட, வீட்டைத் தூக்கிட்டு ஒரு அடி தள்ளி நில்லுப்பான்னு சொல்லிப் பார்க்கலாமா?" என்றான்.

ஹேசல் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. டெரக் எழுந்து கெட்டிலை வைத்தான்.

மறுநாள் உரிமையாளர் மகனிடம் இரண்டு வாரம் தவணை கேட்டாள். "ஏலத்துக்கான புத்தகம் முப்பத்தொண்ணாம் தேதி அச்சுக்குப் போகுது ஹேசல். என் தங்கச்சிக்கும் பங்கு குடுக்கணும். தப்பா நினைக்காத," என்றான். அவள் நினைக்கவில்லை. பேங்க் கடைசியில் சரி என்றுதான் எழுதியது. இந்த வகை வீடு வடக்கே சகஜமானது, ஆட்சேபணை இல்லை. அந்தக் கடிதம் வந்தபோது ஏலம் முடிந்து மூன்று நாளாகியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆபீசுக்கு ஒருவர் வந்தார். விட்டேக்கர் என்று பெயர் சொன்னார். நல்ல கம்பளிக் கோட்டு, மரியாதையான பேச்சு. கதவருகே கால்மிதியில் காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஏலத்துல ஒரு வீடு எடுத்தேன். கடன் எதுவும் இல்ல, அதனால எந்த வக்கீல்கிட்ட வேணும்னாலும் போகலாம்னு சொன்னாங்க. இந்த மேல்-கீழ் வீட்டுச் சிக்கலுக்கு உங்க ஆபீஸ விட்டா ஆளில்லயாமே?"

அவர் நீட்டிய தாளில் ஹேசலின் வீட்டு விலாசம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஆக்ராய்ட் பார்த்தார்.

"முடியாதுன்னு சொல்லி அனுப்பிடறேன்," என்றார்.

"இந்த மாசம் நமக்கு எத்தன ஃபைல் சார்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு," என்றாள் ஹேசல். "இது மூணாவது. என் சம்பளம் எங்கேர்ந்து வரும்? நீங்க இருங்க, நானே எழுதிக்கறேன்."

வெளியே வந்து விட்டேக்கருக்கு நாற்காலியைக் காட்டினாள். படிவத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்கத் தொடங்கினாள். கூரைப் பராமரிப்பு, இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள தளம், பின்படிக்கட்டில் நடக்கும் உரிமை என்று அவர் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னாள். அவருக்குச் சட்டென்று புரிந்தது. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை என்றார். வீட்டில் தற்போது குடியிருப்போர் என்ற இடத்தில் அவரைக் கேட்காமலேயே டெரக்கின் பெயரையும் தன் பெயரையும் முழுதாக எழுதினாள்.

விட்டேக்கர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அட, பேருகூடத் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே. எத்தன நாள்ல காலி பண்ணச் சொல்லலாம்?"

"ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுக்கணும் சார்."

"பிரச்சனை பண்ற ஆளுங்களா?"

"இல்ல சார்," என்றாள் ஹேசல். "வாடகை ஒரு நாள் தவறினதில்ல. பிரச்சனை பண்ண மாட்டாங்க."

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை மூடி கழற்றிக் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.