ஐம்பத்தைந்து அங்குலமும் என் சுவரும்

எங்கள் வீட்டில் நான் பேசாமல் இருந்தால் சம்மதித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. எந்தக் கலரில் சட்டை, யார் வீட்டு விசேஷத்துக்குப் போவது, பெண்ணுக்கு என்ன பெயர், எல்லாம் நான் வாய் திறக்காமலே முடிவாயின. போன தசராவுக்கு என் அறையும் அப்படித்தான் கை மாற இருந்தது.

செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். நாளுக்கு ஆறு பீரியட் பேசியாக வேண்டும். மிச்ச வார்த்தைகளை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. அல்வாலில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மாலை ஆறு மணிக்கு ஒரு நாவலோடு உட்கார்ந்து கதவைச் சாத்தினால் சாப்பிடத்தான் எழுந்திருப்பேன். எங்கள் பெண் சாஹித்யா வாரங்கல் ஹாஸ்டலுக்குப் போனபோது காலியான அறை அது. அவள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கள் கூரையில் இன்னும் இருக்கின்றன. படிப்பதை நிறுத்தி நான் வெகுநேரம் பார்ப்பது அவற்றைத்தான்.

தசரா தள்ளுபடியில் என் மனைவி ரஞ்சனா ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்றை வாங்கினாள். ஒரு மருத்துவமனையின் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். போனஸ் அவளுடையது என்பதால் எனக்குக் கருத்து ஏதும் இல்லை. டிவி வந்த மறுநாள் அவள் தம்பி உமேஷும் வந்தான். மல்காஜ்கிரியில் இருக்கிறான், சாஃப்ட்வேர் வேலை. வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். அவர்கள் தமிழின் நடுவே இந்த ஊர் உருது அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹோனா என்றால் வேண்டும், நக்கோ என்றால் வேண்டாம்.

அவன் கையில் ஒரு ஹார்ட் டிஸ்க். பனிமலை, காடு, கடலடி என்று நிறையப் படங்கள். ஒவ்வொன்றும் அறுபது ஜிபி. டிவியில் நேராகச் செருகியதும் ஒரு சிறுத்தை பாய்ந்து நடுவானில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டடி பாய்ந்தது.

"இதுக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் ஹோனா மாமா," என்றான். "டிவிக்கு இவ்ளோ பெரிய ஃபைல் தாங்காது. நீங்கதான் சர்க்யூட் ஆளாச்சே, நீங்களே மாட்டிடுங்க."

பிறகு டேப்பை எடுத்து ஹாலை அளந்தான்.

"சோஃபாலேர்ந்து சுவர் பதிமூணு அடி. நக்கோ. அவ்ளோ தூரத்துல ஃபோர் கே-யும் ஒண்ணுதான், சாதா எச்.டி-யும் ஒண்ணுதான். காசு வேஸ்ட்." டேப்போடு என் அறைக்குள் நுழைந்தான். என் நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவர் வரை இழுத்தான். "அக்கா! கரெக்டா ஆறடி! இங்கதான். புக்கெல்லாம் பரண்ல போட்டுடு. நான் வாரத்துல நாலு நாள் சாயங்காலம் வந்துடுவேன். ஆபீஸ்ல மூணு பசங்க இருக்கானுங்க, அவனுங்களையும் கூட்டிட்டு வரேன்."

நான் பேசவில்லை.

"மாமா ஓகே சொல்லிட்டாரு," என்றான் உமேஷ்.

ரஞ்சனா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம், என் வழக்கத்துக்கு மாறாக, ஒரு கேள்வி கேட்டேன்.

"ஆறடியில வித்தியாசம் தெரியுமா?"

"என்ன மாமா இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரே பார்வை. தெரியலைன்னா இந்த டிவிய என் கையாலேயே ஹால்ல மாட்டிட்டு, இந்த ரூம் பக்கமே தலை வெக்க மாட்டேன்."

அதை அவன் அப்போதே மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை. பேசாதவனுக்கு மற்றவர்கள் பேசியதை ஞாபகம் வைத்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

கம்ப்யூட்டரை முழு மனதோடு செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது என் அறையில் ஒரு மணி நேரம் இருந்தாலும் சத்தம் போடக் கூடாது என்பது என் பிடிவாதம். பார்க்லேன் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் விசிறி இல்லாத கிராஃபிக்ஸ் கார்டு கேட்டேன். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், கலர் விளக்கு வேண்டாம், சத்தமே வேண்டாம் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லைட் நக்கோ, ஃபேன் நக்கோ, ஆவாஜ் நக்கோ. சார், கம்ப்யூட்டர் ஹோனா கி நக்கோ?"

ஒரு வாரம் மாலை வேளைகளில் உட்கார்ந்து பூட்டினேன். பிராசசருக்கு மேல் கையகலத்துக்கு ஓர் அலுமினியக் கோபுரம்; சூட்டை அதுவே ஓசையின்றி வெளியே விடும். பழைய கேபிளில் படம் வெட்டி வெட்டி வந்ததால் புதிதாக ஒன்று வாங்கினேன். சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. டிவியை நாற்காலியிலிருந்து ஆறடி தள்ளி என் மேஜைமேல் நிறுத்தி ஒரு காட்டுப் படத்தைப் போட்டேன். வசனம் கிடையாது. இலையிலிருந்து ஒரு துளி விழ அரை நிமிடம் எடுத்துக்கொண்டது. இவ்வளவு பொறுமையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

செட்டிங்ஸைத் திறந்து ஃபோர் கே-யிலிருந்து சாதா எச்.டி-க்கு மாற்றினேன். இரண்டே கிளிக். துளி விழுந்தது. திரும்ப மாற்றினேன். மறுபடி விழுந்தது. நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் உண்டு. உற்றுப் பார்க்கிற பழக்கம் உமேஷுக்குக் கிடையாது. சாதா எச்.டி-யில் விட்டுவிட்டு எழுந்தேன்.

ஒரே ஆபத்து டிவி ரிமோட். அதில் இன்ஃபோ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் வருவது என்ன படம் என்று திரை மூலையில் உண்மையை எழுதிக் காட்டிவிடும். காலையில் அதை எடுத்து ஒளித்துவைக்கலாம் என்று போனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட் எங்கேயும் இல்லை. நாற்காலிக்கு அடியில், புத்தக அடுக்குக்குப் பின்னால், எங்கேயும் இல்லை. பரீட்சையில் காப்பியடிக்கும் பையன்களின் முகத்தை இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அன்று என் முகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

பதினோரு மணிக்கு உமேஷ் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். ரஞ்சனா கட்டிலில் உட்கார்ந்தாள். நான் நின்றேன். மழை பெய்தது, துளி விழுந்தது, ஒரு தவளை கண் திறந்தது.

"அய்யய்யோ! அக்கா, பாரு, இலை நரம்பு தெரியுது! தவளைத் தோல்ல இருக்கற புள்ளியெல்லாம் எண்ணிடலாம்! இதான் ஃபோர் கே. இத்தனை நாள் பாத்தோமே, அதெல்லாம் டிவியே இல்ல."

"இது ஃபோர் கே-தானா?" என்றேன்.

"என்ன மாமா, கண்ணு இருக்கா உங்களுக்கு? ரிமோட் குடுங்க, இன்ஃபோ போட்டே காட்டறேன்."

நான் தேடுவதுபோல் புத்தக அடுக்குப் பக்கம் திரும்பினேன்.

"எங்கேயாவது கெடக்கும். படத்தைப் பாருடா, தேடறதுக்குள்ள தவளை போயிடும்," என்றாள் ரஞ்சனா.

உமேஷ் திரும்பினான். தவளை ஒரு பூச்சியைப் பிடித்தது. "சூப்பர்! நாக்குல ஈரம் தெரியுது! யாரைக் கேட்டாலும் சொல்லுவான், இது ஃபோர் கே-தான்னு. வேணும்னா எழுதித் தரேன்."

"எழுத வேண்டாம்," என்றேன். "தெரியலைன்னா என் கையாலேயே ஹால்ல மாட்டறேன்னு சொன்னே. இந்த ரூம் பக்கம் வரமாட்டேன்னும் சொன்னே."

"ஹவ், சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

ரஞ்சனா தொடைக்கடியிலிருந்து ரிமோட்டை எடுத்து இன்ஃபோ பொத்தானை அழுத்தினாள். திரை மூலையில் சின்னதாக எழுத்து வந்தது. உமேஷ் எழுந்து கிட்டப் போய்ப் படித்தான். சட்டையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.

"மாமா, நீங்க பேசாம இருக்கும்போதே நெனச்சேன்," என்றான்.

வாக்குத் தவறாதவன். பக்கத்து வீட்டில் டிரில் வாங்கிவந்து, ஹால் சுவரில் பதிமூன்று அடி தள்ளி டிவியை மாட்டினான். கம்ப்யூட்டரை அதன் கீழே வைத்தான். சாப்பிடும்போது அக்காவிடம் இரண்டு வார்த்தை, என்னிடம் சுழியம். வாழ்க்கையில் முதல் முறையாக அவனோடு உட்கார்ந்திருப்பது எனக்கு இதமாக இருந்தது.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து புத்தகங்களை மேஜையில் அடுக்கினேன். ரஞ்சனா டீ கொண்டுவந்து வாசலில் நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"சனிக்கிழமையே. நீங்க மாத்தி மாத்திப் போட்டீங்க, கதவு தெறந்துதான் இருந்துச்சு. ஒரு தடவை மாத்தினா செட்டிங்ஸ் எழுத்து பளிச்சுன்னு இருக்கு, அடுத்த தடவை ஓரமெல்லாம் பிசிறடிக்குது. மாத்திரை அட்டையில தேதி படிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"அப்ப அவன்கிட்ட ஏன் சொல்லலை? எனக்காகவா?"

அவள் சிரித்த சிரிப்பில் டீ சாஸரில் சிந்தியது.

"உங்களுக்காகவாம்! ஏங்க, இந்த ரூமை அவன் எடுத்துக்கிட்டா நீங்க சாயங்காலம் எங்க உக்காருவீங்க? ஹால்ல, என் பக்கத்துல. டிவி ஹால்ல இருந்தா பதிமூணு அடின்னு அவன் வரவே மாட்டான். ஆறுலேர்ந்து எட்டு என் சீரியல். அந்த மாமியார்க்காரி வந்து நின்னா நான் வாய்விட்டுத் திட்டுவேன். கடையில நாள் பூரா சிரிச்சுச் சிரிச்சு மருந்து குடுத்துட்டு வரேன், அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்குத் திட்டக் கெடைக்குது. நீங்க புக்கோட வந்து உக்காந்தா நான் எப்படித் திட்டறது? பேசாமலே மூணு ஆள் எடத்தை அடைச்சுக்குவீங்க."

இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து கதவுக்கு அப்பால் கேட்ட அந்தக் கோபக் குரலை, போனில் அவள் தோழி புஷ்பாவோடு சண்டை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் புஷ்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் சரியாக முகம் கொடுத்ததில்லை. பாவம், அவளுக்கு ஒரு டீயாவது போட்டுத் தர வேண்டும்.

"அந்த மாமியாருக்கு அப்படி என்ன வசவு?" என்று கேட்டேன். எனக்கே ஆச்சரியம், அன்றைக்கு அது என் நான்காவது கேள்வி.

"அதெல்லாம் உங்க காதுக்கு ஆகாது. மணி ஆறாகப்போகுது, உள்ள போங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவர் காலியாக இருந்தது. அவள் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள்.