லயனலின் வண்டி ஏலத்துக்கு வந்த நாள்

தம்பி லயனலின் கண்களை மூடிவிட்டு, போர்வையின் மடிப்பை நேராக இழுத்துவிட்டு, ஹெஸ்டர் தன் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். தொப்பி ஊசி முதல் முறை சரியாகக் குத்தவில்லை. இரண்டாவது முறை சரியாகப் போயிற்று.

கட்டிலின் மறுபுறம் உட்கார்ந்திருந்த ஃபிலிப்பா நிமிர்ந்து பார்த்தாள். இரவெல்லாம் அப்பாவின் கையைப் பிடித்திருந்தவள் இன்னும் அதை விடவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க, அத்தை?"

"ஏலத்துக்கு."

"அப்பா இப்பத்தான்..."

"தெரியும். நானும் இங்கதான் இருந்தேன்."

"டாக்டருக்குச் சொல்லணும். ரூபர்ட்டுக்குப் போன் பண்ணணும்."

"பண்ணு. நான் அங்கேருந்து கூப்பிட்டதுக்கு அப்புறம் பண்ணு."

"அதுவரைக்கும் நான் என்ன பண்ண?"

"அவன்கூட இரு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. அவனுக்குப் புழுக்கம் ஆகாது."

ஃபிலிப்பா அத்தையையே பார்த்தாள். அந்த வீட்டில் அழுகை என்பது கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் காரியம். ஹெஸ்டர் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படி இறங்கினாள். கடைசிப் படியில் சற்று நின்று, பிறகு கையுறையை மாட்டிக்கொண்டாள்.

வாடகை வண்டியில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. சைரன்செஸ்டர் சாலை முழுக்க அன்றைக்குப் பழைய கார்கள். அவற்றுக்கெல்லாம் லயனலின் வழக்கமான வசை ஒன்று உண்டு. அது காதில் கேட்காமல் இருக்க அவள் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆள் இறந்துவிட்டால் அவன் பேரில் இருக்கும் பொருளை ஏலம் விட முடியாது. தகவல் தெரிந்த மறுகணமே விலக்கிவிடுவார்கள். பிறகு அது உயிலின்படி மகன் ரூபர்ட்டுக்குப் போகும். அவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டே அதை வாங்க ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தான். அந்த மனிதர் கார்களைக் கண்ணாடி அறையில் நிறுத்தி, ஈரப்பதம் பார்ப்பவராம். ஓட்டுவதில்லையாம்.

அந்தச் சிறிய, பழைய, பச்சை எம்.ஜி. கார் தன் நண்பர் அம்ப்ரோஸிடம் போக வேண்டும் என்பது லயனலின் ஆசை. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' அவர்கள் இருவருக்கும் அறுபது வருஷமாக வாயில் வராத விஷயம்.

இருபது வயதில் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பண்ணைக் கொட்டகையில், இருக்கை மேல் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. நாணயம் சுண்டினார்கள். லயனல் ஜெயித்தான். அம்ப்ரோஸ் கை குலுக்கிவிட்டு, மேப்பை எடுத்து மடியில் விரித்துக்கொண்டு இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். அதன் பிறகு அந்த இருக்கையை விட்டு அவர் மாறியதே இல்லை. ஓட்டட்டுமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காத ஒன்றைக் கொடுப்பது எப்படி என்று லயனலுக்குத் தெரியவில்லை. வயதான பிறகு இரண்டு முறை சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தான். "திருப்பித் தர முடியாததை நான் வாங்கறதில்ல" என்று அம்ப்ரோஸ் பேச்சை நாய்களின் பக்கம் திருப்பிவிட்டார். உயிலில் எழுதினாலும் அவர் அதை ரூபர்ட்டிடமே ஒப்படைப்பார் என்பது நிச்சயம்.

கடைசியில் லயனல் வண்டியை ஏலத்துக்குக் கொடுத்தான். சனிக்கிழமை ஏலத்தின் பட்டியலை ஒரு வார்த்தையும் எழுதாமல் அம்ப்ரோஸுக்கு அனுப்பினான். மறுநாள் அவர் வந்து மழையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "சனிக்கிழமை எனக்கு வேற வேலை ஒண்ணும் இல்ல" என்றார். அன்றைக்கு லயனல் கஞ்சி முழுவதையும் குடித்தான்.

நேற்று மாலை ஹெஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "நான் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, சுத்தியல் விழற வரைக்கும் நீ அங்க இரு. யாரும் நிறுத்தக் கூடாது. சத்தியம் பண்ணு, ஹெஸ்."

அவர்களுடைய வின்டர்போர்ன் குடும்பத்தில் சத்தியம் கேட்பதே ஒரு அவமதிப்பு. சொன்னால் சொன்னதுதான். இருந்தும் அவன் கேட்டான். அவளும் செய்தாள்.

ஏலம் ஒரு பழைய மாளிகையின் புல்வெளியில், பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் நடந்தது. உள்ளே ஈரக் கம்பளியும் இயந்திர எண்ணெயும் சேர்ந்து வாடை அடித்தது. ஏல நிறுவனத்தின் பிரிட்சர்ட் அவளைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மேடம், நீங்களே வந்துட்டீங்களா. சாருக்கு எப்படி இருக்கு?"

"நேத்து இருந்த வலி இன்னைக்கு இல்ல."

"ரொம்ப சந்தோஷம். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்."

"எடுத்துக்கிட்டு இருக்கான்."

இரண்டும் உண்மை. தன் ஆயுளில் பொய் சொன்னதில்லை என்பது ஹெஸ்டருக்கு ஒரு பெருமை. அதை வெளியே காட்டிக்கொள்ளாதது இன்னொரு பெருமை. இன்றும் சொல்லப்போவதில்லை. வார்த்தைகளைப் பார்த்து எடுத்து வைத்தால் போதும்.

தேநீர் மேஜையில் இருந்த பெண்மணி அவளைப் பார்த்ததும் சிரித்தாள். "எங்கம்மா உங்க தம்பி? என் கேக்கைப் பழைய டயருன்னு சொல்லிட்டு ரெண்டு துண்டு தின்னுட்டுப் போன மனுஷன். வரச் சொல்லுங்க, இந்தத் தடவை புது டயர் செஞ்சிருக்கேன்."

ஹெஸ்டர் கோப்பையை வாங்கிக்கொண்டாள். தேநீர் தட்டில் சிந்தியிருந்தது.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். நேராக உட்கார்ந்தாள். கொஞ்சம் சாய்ந்தாலும் உள்ளே ஏதோ சரிந்துவிடும் போல இருந்தது. பக்கத்து நாற்காலியில் ஒரு நனைந்த தொப்பி வந்து விழுந்தது. பின்னாலேயே அம்ப்ரோஸ் வந்தார்.

"எங்க உங்க தம்பி? பயந்துட்டானா?"

"எதுக்குப் பயப்படணும்?"

"நான் கையத் தூக்கறதைப் பாக்க. அறுபது வருஷம் மேப்பைப் பிடிச்ச கை இது. தூக்கினா என்ன ஆகும்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." மடியில் ஒரு டப்பாவைத் திறந்தார். முட்டை சாண்ட்விச். "எடுத்துக்கங்க, ஹெஸ்டர். காலைல சாப்பிட்டிருக்க மாட்டீங்க. முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"வேண்டாம்."

"தூங்கவும் இல்ல போல."

"இல்ல."

"அவன் படுத்தறானா?"

"இல்ல," என்றாள். "ரொம்ப அமைதியா இருக்கான்."

"அவனா? அமைதியா?" அம்ப்ரோஸ் சிரித்தார். சவரம் செய்த கன்னத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தது. கழுத்தில் டை. இத்தனை வருஷத்தில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர அவர் டை கட்டி அவள் பார்த்ததில்லை. "கேளுங்க, நான் ஒரு திட்டம் வச்சிருக்கேன். வண்டி கைக்கு வந்ததும் நேரா உங்க வீட்டுக்குத்தான். அவன் ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி ஹாரனை அழுத்தப் போறேன். அந்த ஹாரனை என்னைத் தொடவிட்டதே இல்ல, தெரியுமா? எந்திரிச்சு வந்து திட்டட்டும். திட்டற வரைக்கும் அழுத்துவேன்."

ஹெஸ்டர் மேடையைப் பார்த்தாள். பழுப்புக் கோட்டு அணிந்த ஆட்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பச்சை வீட்டில் இருந்ததைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. ஏலக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். முதல் விலையைக் கேட்டார். அம்ப்ரோஸ் தன் எண் அட்டையை உயர்த்தினார். பின்வரிசையில் இன்னொருவர். மறுபடி அம்ப்ரோஸ். போனில் யாருக்காகவோ ஏலம் கேட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தலையசைத்தாள். மறுபடி அம்ப்ரோஸ். சின்னப் பையனைப் போல அவர் காது சிவந்திருந்தது.

பின்வரிசைக்காரர் விலகிக்கொண்டார். போனில் இருந்தவர் யோசித்தார். ஏலக்காரர் காத்திருந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவள் செய்த சத்தியம் நிறைவேறிவிடும்.

"அம்ப்ரோஸ்," என்றாள் ஹெஸ்டர். "ஹாரன் அடிக்காதீங்க."

"ஏன், தூங்கறானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதையும் உண்மை என்று சாதிக்கிறவர்கள் உண்டு. அவள் தலை குனிந்தாள். கையுறையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்ப்ரோஸ் அவளைப் பார்த்தார். அட்டை மெதுவாக அவர் மடிக்கு இறங்கியது.

"எப்போ?"

"விடியறப்ப."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்."

போனில் இருந்தவர் விலையை ஏற்றினார். ஏலக்காரர் அம்ப்ரோஸைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "சார், உங்க பக்கம்?"

"கையத் தூக்குங்க," என்றாள் ஹெஸ்டர், உதடு அசையாமல். "அதுக்குத்தான் வந்தேன். அவன் கேட்டுக்கிட்டான்."

அம்ப்ரோஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கிடலாம்," என்றார். "ஆனா இப்ப அது அவனுது இல்லயே, ஹெஸ்டர். அவன் வித்து நான் வாங்கினதா ஆகாதே. அவன் வீட்டுல படுத்திருக்கறப்ப நான் கொட்டகைலேருந்து எடுத்துட்டுப் போன மாதிரி ஆயிடும்."

"சார்?" என்றார் ஏலக்காரர் மறுபடி.

அம்ப்ரோஸ் தலையை அசைத்தார். இல்லை.

சுத்தியல் உயர்ந்தது; விழுந்தால் வண்டி போனில் இருந்தவருக்கு. ஹெஸ்டர் எழுந்து நின்றாள். எழுந்ததை அவளே பிறகுதான் உணர்ந்தாள்.

"நிறுத்துங்க. வண்டி என் தம்பியோடது. அவன் இன்னைக்குக் காலைல இறந்துட்டான்."

அன்று முதல்முறையாக அந்தச் சொல் அவள் வாயில் வந்தது. கூடாரத்தில் மழையின் சத்தம் மட்டும் இருந்தது. முன்வரிசையில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு ஒவ்வொருவராக. ஏலக்காரர் சுத்தியலை ஓசைப்படாமல் மேஜை மேல் படுக்க வைத்தார்.

பிரிட்சர்ட்டின் அறையில் கையெழுத்துப் போட்ட பின், அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தாள்.

"டாக்டருக்குச் சொல்லிடு," என்றாள்.

"முடிஞ்சுதா, அத்தை?"

"இல்ல."

"சரி. வீட்டுக்கு வாங்க."

அம்ப்ரோஸ் வெளியே மழையில் நின்றிருந்தார். டையைத் தளர்த்தவில்லை.

"அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்," என்றாள் ஹெஸ்டர். "உடைச்சுட்டேன்."

"அவன் உடைக்காததா?"

"அவன் எந்தச் சத்தியத்தை உடைச்சான்?"

"சத்தியத்தை இல்ல. கியர்பாக்ஸை. நாலு." சிரிக்கத்தான் தொடங்கினார். முகம் வேறு எங்கோ போயிற்று. திரும்பி நின்றுகொண்டார். அவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பும்வரை ஹெஸ்டர் மாளிகையின் புகைபோக்கிகளைப் பார்த்தாள். அவள் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.

"வண்டியை லாரியில அனுப்பறேன்னு சொல்றாங்க," என்றாள் பிறகு.

"ம்."

"இன்னைக்கு அது லாரியில வர வேண்டாம். எனக்கு ஓட்டத் தெரியாது."

அவர் போய் வண்டியின் வலப்பக்கக் கதவைத் திறந்து, சற்று நின்று, ஏறி உட்கார்ந்தார். எவ்வளவு மழை கொட்டினாலும் லயனல் கூரைத் துணியை ஏற்றியதில்லை. அவரும் ஏற்றவில்லை. ஹெஸ்டர் தொப்பியின் மேல் கழுத்துத் துணியைப் போட்டு இறுக்கக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வண்டியில் அவள் ஏறியதே இல்லை. சாலை இத்தனை கிட்டத்தில் ஓடும் என்று அவளுக்குத் தெரியாது.

வழியெல்லாம் அம்ப்ரோஸ் ஒவ்வொரு தடவை கியரை மாற்றும்போதும் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முணுமுணுத்தார்.

வீட்டுக்கு மேலே உள்ள சரிவில் அவர் எஞ்சினை அணைத்தார். வண்டி தானாக உருண்டு இறங்கியது. வாசலின் சரளைக்கல்லில் சக்கரம் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரின் கார் ஏற்கனவே நின்றிருந்தது. மாடியை இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை.

சூடான பானட்டின் மேல் விழுந்த மழை ஆவியாக எழுந்துகொண்டிருந்தது. முதலில் அடர்த்தியாக, பிறகு மெலிதாக, பிறகு அங்கங்கே ஒரு இழையாக. அது முழுவதும் அடங்கும்வரை அவர்கள் இறங்கவில்லை.